சிவப்பு நூல் தையல்

ஏட்டையாவுக்குக் குரு கிடைத்தபோது வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பத்திநாலு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

போலீஸ் வேலையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. சட்டம் படித்தார், கறுப்புக் கோட்டு தைத்தார், வக்கீல் ஹமீதா பானுவிடம் ஜூனியராகச் சேர்ந்தார். தர்மலிங்கம் என்று ஒரு பேர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. ஹமீதாவுக்கும் அவர் ஏட்டையாதான்.

முதலில் வந்த வழக்கு சந்தியாகுவுடையது. கடலுக்குப் போகிறவர். அடுத்த ஊர் மிக்கேலின் வலையைத் திருடினார் என்று வழக்கு.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் அறுந்து மிதக்கிற வலை யார் கண்ணில் பட்டாலும் எடுத்து வந்து, மணலில் நட்டிருக்கும் பனங்கட்டையில் போட்டுவிட வேண்டும். உடையவன் தேடி வந்து எடுத்துக்கொள்வான். சந்தியாகு வலையை எடுத்தார். கட்டையில் போடவில்லை. அது அவர் வீட்டுக் கொட்டகையில் சுருட்டிக் கிடந்தது. தேடி வந்த மிக்கேல் வலையின் மிதவையில் இருந்த தன் அடையாளத்தைப் பார்த்தார். போலீஸ் வந்தது. சுருட்டின வலையை அப்படியே சாக்கில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது.

தண்டனை விழுந்தால் ஜெயில். திரும்பி வந்தாலும் திருடன் என்று பேர் வாங்கினவனை எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள்.

ஏட்டையா கேஸ் கட்டைப் படித்து மூடினார்.

"மேடம், இதுல ஒண்ணுமே இல்ல. எடுத்தேன்னு அவனே சொல்லிட்டான். பொருளும் அவன் வீட்டுல இருந்திருக்கு. குத்தத்தை ஒத்துக்கிட்டு குறைஞ்ச தண்டனை கேப்போம்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும் மேடம்? திருட்டுன்னா வேற என்ன?"

ஹமீதா எழுத ஆரம்பித்தார். ஏட்டையா டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் வாசல் நாற்காலியில் போட்டிருந்த கோட்டைக் காணோம். பதறிப்போனார். மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். பக்கத்து வக்கீலின் குமாஸ்தாவை முறைத்தார்.

"என் கோட்டை எவன் எடுத்தான்?"

"நான்தான்," என்றார் ஹமீதா, எழுதுவதை நிறுத்தாமல். "என் பீரோவுல இருக்கு. பூட்டியிருக்கேன்."

"நீங்களா? எதுக்கு மேடம்?"

"அது எதுக்கு உங்களுக்கு? எடுத்தேன்னு சொல்லிட்டேன். பொருளும் என்கிட்டதான் இருக்கு. கேஸ் முடிஞ்சுதே."

ஏட்டையா அப்போதுதான் வாசல் நாற்காலியைப் பார்த்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நின்றிருந்தபோது சாரல் அடித்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

கோட்டைக்கூட வாங்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

சந்தியாகு கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"யோவ், வலையை எதுக்குய்யா வீட்டுக்குக் கொண்டுபோனே?"

சந்தியாகு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கப்பல் அடிச்ச வலை அய்யா அது. நடுவுல பெரிய கிழிசல். அப்படியே கட்டையில போட்டா நாய் கால் மாட்டி இன்னும் கிழியும். தைச்சிட்டுப் போடலாம்னு பாத்தேன். முடிக்கிறதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க."

"தைச்சு நீயே வச்சுக்கலாம்னு நெனைச்சேன்னு சொல்வாங்களே?"

"எனக்குன்னா பச்சை நூல்லதான் தைச்சிருப்பேன். வலை பச்சைதானே. அடுத்தவன் வலைன்னா சிவப்பு நூல் போடுவோம். உடையவன் எங்க தைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சு இழுத்துப் பாத்துக்கணும்ல?"

"இதை ஏன்யா ஸ்டேஷன்ல சொல்லல?"

"எடுத்தியான்னு கேட்டாங்க, எடுத்தேன்னேன். எங்க வச்சேன்னு கேட்டாங்க, வீட்டுலன்னேன். வேற எதுவும் கேக்கல."

விசாரணை நாளில் ஹமீதா கோட்டை நீட்டினார். "காய்ஞ்சிடுச்சு. இன்னைக்கு நீங்களே குறுக்கு விசாரணை பண்ணுங்க."

கோர்ட் வாசலில் அந்த வழக்கைப் போட்ட எஸ்.ஐ. நின்றிருந்தார். ஒரு காலத்தில் ஏட்டையாவிடம் வேலை கற்றவர்.

"என்ன ஏட்டையா, கோட்டு போட்டதும் திருடனுக்கு மச்சான் ஆயிட்டீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏட்டையா எஸ்.ஐ.யின் பல்வரிசையை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போனார்.

மிக்கேல் கூண்டில் ஏறினார். ஏட்டையா எழுந்தார்.

"வலையைக் கொட்டகையில பாத்தப்புறம் விரிச்சுப் பாத்தீங்களா?"

"எங்க விட்டாங்க? அன்னைக்குச் சாக்குல கட்டினது. இன்னும் சாக்குலதான் கிடக்கு."

"இப்ப விரிக்கலாமா?"

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். சாக்கை அவிழ்த்ததும் கோர்ட்டுக்குள் மீன் வாடை அடித்தது. இரண்டு பேர் முனையைப் பிடித்து இழுக்க, பச்சை வலை தரை முழுக்க விரிந்தது. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குச் சிவப்பு. நெருக்கமான, நேரான முடிச்சுகள். ஓர் ஓரத்தில் மட்டும் கிழிசல் இன்னும் திறந்திருந்தது. அங்கே நூல் வெட்டப்படாமல் தொங்கியது.

மிக்கேல் கூண்டிலிருந்து இறங்கிவிட்டார். இறங்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. குனிந்து ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் இழுத்தார்.

"இந்தத் தையல் நீங்க போட்டதா?"

"இல்ல."

"உங்க கரையில யார் வலைக்குச் சிவப்பு நூல் போடுவீங்க?"

மிக்கேல் சிவப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடுத்தவன் வலைக்கு," என்றார். பிறகு மாஜிஸ்திரேட்டை நிமிர்ந்து பார்த்தார். "அய்யா, இது எனக்காகத் தைச்சது. என்கிட்டக் குடுக்கத்தான் தைச்சிருக்கான். நான் விரிச்சுப் பாக்காமப் போயிட்டேன்."

அரசு வக்கீல் தன் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

அடுத்த வாரம் தீர்ப்பு. விடுதலை.

வாசலில் இரண்டு ஊர்க்காரர்களும் நின்றிருந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். வலையின் ஒரு முனையை மிக்கேல் தோளில் போட்டார். மறுமுனையைச் சந்தியாகுவிடம் நீட்டினார்.

"மீதியை எப்ப முடிப்பே?"

"ராத்திரி முடிச்சிருவேன். நாளைக்கு நீ கடலுக்குப் போலாம்."

"நீயும் வா. என் படகுல ஏறிக்க."

இருவருமாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அந்த எஸ்.ஐ. ஒதுங்கி வழிவிட்டார்.

ஏட்டையா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டீக்கடை வாசலில் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"மேடம், ஒரு சந்தேகம். அன்னைக்கு அந்த எஸ்.ஐ. மச்சான்னு சொன்னான்ல, அப்போ அவன் பல்லை உடைக்கணும்னு நெனைச்சேன். சும்மா இல்ல, சத்தியமா நெனைச்சேன். எந்தப் பல்லுன்னுகூட முடிவு பண்ணிட்டேன். அது குத்தமா?"

ஹமீதா டீயை ஆற்றினார்.

"உடைச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப டீயைக் குடிங்க ஏட்டையா. ஆறிடும்."