அளவெடுத்துக் கட்டிய மாளிகை

முன்பொரு காலத்தில், மழை தப்பாமல் பெய்த ஒரு நாட்டைக் குமாரவிசயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். நினைத்தது அந்த நிமிஷமே நடக்க வேண்டும், அதுதான் அவன் குணம்.

நாற்பது வயதில் அவனுக்கு ஓர் ஆசை. கடைசிக் காலம்வரை குடியிருக்கப் புதிதாய் ஒரு மாளிகை கட்டவேண்டும்.

அரண்மனைக் காரியம் பார்க்கும் தாண்டவராயர் அளவு நூலோடு ஓடிவந்தார். ராஜாவின் தோளை அளந்து வாசல், முழங்காலை அளந்து நிலைப்படி. படுக்கையறை மாடியில். சுவரெல்லாம் கருங்கல்.

அமைச்சர் அறவாழியார் மெல்லச் சொன்னார்: "நிலைப்படி உயரம் வேண்டாம், மன்னா. வாசல் அகலமாக இருக்கட்டும். அறைகளைப் பலகையால் தடுப்போம், வேண்டும்போது கழற்றி மாற்றலாம்."

"படியில்லாத வாசல், பலகைத் தடுப்பு. இதற்குப் பெயர் மாட்டுக்கொட்டகை, அமைச்சரே" என்றார் ராயர். சபை சிரித்தது.

ராஜாவும் சிரித்தான். "மூன்று நாள் தருகிறேன். உம் பேச்சு சரியென்று காட்டும். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் ராயர் விரலுக்குப் போகும்."

அறவாழியார் ஆண்டவனை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் ஒரு பட்டுச் சட்டையோடு வந்தார். "தங்கள் அளவுக்கே தைத்தது, மன்னா. போட்டுப் பாருங்கள்."

ராஜா கையை நுழைத்தான். மணிக்கட்டைத் தாண்டவில்லை.

"எந்த மடையன் அளந்தது?" என்று ராயர் பாய்ந்தார். "அவனைக் கழுதைமேல் ஏற்றுங்கள்."

"தாங்கள்தான் ராயரே. மன்னருக்கு ஐந்து வயதில் காது குத்தியபோது நூல் பிடித்தது தங்கள் கைதானே? அளவு ஒரு நூலும் பிசகவில்லை. உடம்புதான் அங்கேயே நிற்கவில்லை."

"இனி நான் வளரப்போவதில்லையே" என்றான் ராஜா.

"வளர்ந்த உடம்பு தளரும், மன்னா. சட்டையென்றால் வேறு தைக்கலாம். கருங்கல்லை என்ன செய்வது?"

ராஜா யோசித்தான். "ராயரே, உம் வீட்டிலும் மாடியில்தானே படுக்கை?"

ராயர் நெளிந்தார். "முழங்கால் வலி, மன்னா. மாடி ஏறி இரண்டு வருஷமாகிறது. நிலைப்படியும் தாண்ட முடிவதில்லை."

"அப்படியானால் எங்கே படுக்கிறீர்?"

ராயர் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டுக்கொட்டகையில். அங்கேதான் படியில்லை."

இந்த முறை சபை சிரிக்கவில்லை. அறவாழியார் மோதிரம் அவர் விரலிலேயே இருந்தது.

"அமைச்சர் சொன்னபடியே கட்டுங்கள்" என்றான் ராஜா. "ஆனால் முதல் பலகை ராயர் வீட்டுக்குப் போகட்டும். நிலைப்படியை எடுத்துவிட்டு, கீழேயே அவருக்கு ஓர் அறை தடுத்துக் கொடுங்கள். என் முழங்கால் இன்னும் கொஞ்சநாள் பொறுக்கும்."

அன்று ராயர் கும்பிட்டது ராஜாவை அல்ல, அமைச்சரை. எல்லார் வாசலும் அவரவர் காலுக்கு எட்டும்படி இருக்கட்டும், சாமி.