செங்கொடுக்கனின் பழைய வளை

கடலோரத்து அலையாத்திக் காட்டில், சேற்றுக்குள் வளை தோண்டி நண்டுகள் கூட்டமாய் வாழ்ந்தன. அங்கே ஆண் நண்டுகளுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும். செங்கொடுக்கன் என்ற நண்டின் கொடுக்கு எல்லாவற்றிலும் பெரியது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சின்ன வயதில் அவன் இரண்டு வேர்களுக்கு நடுவே ஒரு வளை தோண்டியிருந்தான். கொடுக்கு வளர்ந்தது, வேர்கள் விலகவில்லை. வேறு வழியின்றி ஓடையோரம் அகலமாக ஒரு வளை தோண்டிக் குடிபோனான். பழைய வளைக்குக் குட்டைக்காலி என்ற பெண் நண்டு வந்து சேர்ந்தாள்.

ஆனாலும் தினமும் தண்ணீர் வடிந்ததும் அவன் பழைய வாசலுக்கு வந்துவிடுவான். முதல் மழைக்கு உள்ளே சுருண்டு கிடந்ததையும், வேரின் வாசனையையும், அடியில் தான் வைத்த அழகான வளைவையும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான்.

நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்தால் அடிகளை எண்ணிக்கொண்டேதான் நடக்கும். ஆபத்து வந்தால் அதே கணக்கில் திரும்பி ஓட வேண்டுமே. அதனால் குட்டைக்காலி ஒருநாள் கேட்டாள்:

"அண்ணே, இங்கிருந்து உங்கள் புது வளை எத்தனை அடி?"

"அதை யார் எண்ணினார்கள்? இந்த வாசல் என்றால் என் கால்களுக்கே வழி தெரியும்."

மறுநாள் அவன் ஓடையோரம் மேய்ந்துகொண்டிருந்தபோது கொக்கின் நிழல் விழுந்தது. புது வளை நாலே அடியில் இருந்தது. அவன் கால்களோ பழைய வேர்களை நோக்கி ஓடின.

உடம்பு உள்ளே நுழைந்துவிட்டது. கொடுக்கு வேர்களுக்கிடையே மாட்டிக்கொண்டது. கொக்கு வந்து அதைக் கவ்வியது.

"கொடுக்கை உதறிவிடுங்கள், அண்ணே. கொடுக்கு திரும்ப முளைக்கும், தலை முளைக்காது" என்றாள் குட்டைக்காலி.

அவன் மனசே இல்லாமல் கொடுக்கைக் கழற்றிவிட்டு உள்ளே விழுந்தான். கொக்கு கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அவன் சுற்றிலும் தடவிப் பார்த்தான். வேரின் வாசனை அப்படியே இருந்தது. அவன் வைத்த வளைவைக் காணோம். குட்டைக்காலி அதை இடித்து, தன் முட்டைகளோடு இருக்க ஓர் அறை அமைத்திருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

"இப்போது இந்த வாசல் எனக்குச் சரியாக இருக்கிறது" என்றான்.

"கொடுக்கு முளைக்கும்வரைதான், அண்ணே. அதோடு இது இப்போது என் வீடு. தண்ணீர் ஏறுவதற்குள் போய் உங்கள் வாசலைச் சேற்றால் மூடிக்கொள்ளுங்கள்."

செங்கொடுக்கன் புறப்பட்டான். இம்முறை ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டே நடந்தான். நாற்பத்தேழு அடி இருந்தது.

நீதி: விட்டு வந்த வீடு நெஞ்சில் இருக்கட்டும், இருக்கும் வீட்டுக்கு வழி காலில் இருக்கட்டும்.