கம்பிநார் போட்ட காகம்

வறண்ட மலையடிவாரக் காட்டில் மையாள் என்றொரு பெண் காகம் இருந்தது. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். யார் வீட்டு விவகாரமானாலும் மூக்கை நுழைக்காமல் விடாது. ஆனாலும் மனசு தங்கம். அதன் உயிர்த்தோழி பூவரசி என்ற புள்ளிமான். தினமும் காலையில் மானின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைக் கொத்தி எடுத்தபடியே மையாள் ஊர்க்கதை பேசும்.

அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. காட்டோரத்தில் மனிதர்கள் கட்டிவைத்த சிமெண்டுத் தொட்டி ஒன்றுதான் எல்லோருக்கும் கதி. காலையில் அது தானாக நிரம்பும். எப்படி நிரம்புகிறது என்று எவரும் கேட்டதில்லை. குடித்துவிட்டுப் போவதோடு சரி. பூவரசி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. எழுந்து நின்றாலே கால் பின்னிக்கொள்ளும் பச்சைக் குட்டி.

ஒரு நாள் காட்டுப்பன்றி கோரையன் உறுமிக்கொண்டு வந்தது. கரும்புத் தோட்டத்து மின்வேலி அதன் மூக்கைச் சுட்டுவிட்டதாம். வேலியை முட்டித் தள்ளி, காவல்காரனையும் ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று பல்லைத் தீட்டியது.

மையாளால் சும்மா இருக்க முடியுமா? போன பங்குனியில் அது பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைக் கொண்டுபோய் மின்கம்பத்தில் கூடு கட்டியது. காற்றில் ஒரு இழை பறந்து இரண்டு மின்கம்பிகளையும் ஒன்றாகத் தொட்டது. டமார் என்று ஒரு சத்தம். ஊரே அரை நாள் மின்சாரம் இல்லாமல் விழித்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு மையாளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, குத்து வெட்டு எதற்கு?" என்றது. "கரண்டை நிறுத்திவிட்டால் வேலி வெறும் கம்பிதானே! ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது. ஒரு உயிர் போகாது."

கோரையன் வாயைப் பிளந்தது. இவ்வளவு சாதுவான ஆயுதமும் உலகத்தில் உண்டா என்று வியந்தது. அந்தப் பாராட்டில் மையாளுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரக் காகங்களைத் திரட்டியது. ஆளுக்கு ஒரு வாய் கம்பிநார் எடுத்துப் பறந்து, மின்கம்பிகளின்மேல் இழை இழையாக உதிர்த்தன. டமார்! டமார்! வேலி அடங்கிப்போனது. பன்றிகள் கரும்பில் புகுந்து விளையாடின.

மின்சார ஆட்கள் வந்து சரிசெய்தார்கள். கம்பங்களில் சிக்கியிருந்த இழைகளைக் காற்று அசைத்தது. மறுபடி டமார். இப்படியே மூன்று நாள். மையாளும் தோட்டத்திலேயே கிடந்தது. நாக்கு வறண்டால் பன்றிகள் கடித்துப்போட்ட கரும்பு இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லி ஓயவில்லை.

நான்காம் நாள் காலையில்தான் தோழியின் நினைப்பு வந்தது. தொட்டிப் பக்கம் பறந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை! அடியில் பாசி காய்ந்து ஏடு ஏடாகப் பெயர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு மோட்டார் அறை. அதற்குள் போகிற கம்பியை மையாள் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தது. அது நேரே அந்த மின்கம்பத்துக்குத்தான் போனது. அடக் கடவுளே! தினமும் இந்தக் கம்பியில்தானே உட்கார்ந்து அலகைத் துடைத்தோம், ஒரு நாளாவது இது எங்கே போகிறதென்று பார்த்தோமா?

தொட்டிக்குப் பின்னால் பூவரசி நின்றது. காலடியில் குட்டி அசைவின்றிக் கிடந்தது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது, நாக்கில் ஈரமில்லை. மற்ற மான்களெல்லாம் மலைக்கு அப்பால் தண்ணீர் தேடிப் போய்விட்டனவாம். குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. விட்டுப் போகவும் தாய்க்கு மனம் வரவில்லை. நேற்றோடு மடியும் வற்றிவிட்டது.

"மையா, வாடி," என்றது பூவரசி. "உனக்குத்தான் கண் கூர்மை. எங்கே கடி, எங்கே காயம் என்று பார்த்துச் சொல். விடிந்ததிலிருந்து தேடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. என் பிள்ளையைக் கொன்றது யார்?"

மையாள் குட்டியை முகம் முதல் குளம்பு வரை பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"நான்தான், பூவரசி."

மான் அதை நம்பவில்லை. துக்கத்தில் தோழி ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து, ஆறுதலாக அதன் பக்கம் முகத்தைச் சாய்த்தது. மையாளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரத்தம் சிந்தாத ஆயுதம்தானே என்று துணிகிறவர்கள், அது யார் வாய்த் தண்ணீரை நிறுத்தும் என்று முதலில் பார்க்க வேண்டும்.