கைப்பிடிச் சுவர்

கண்டக்டர் ஞானாபரணம் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததே தவிர, அவர் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

ஊர்க் கோடியில் புதுசாக ஒரு வீடு கட்டினார். மாடித் தளம் போட்டாயிற்று. சுற்றிலும் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் சபை கன்வென்ஷன் பந்தலில், கர்த்தர் திரும்பி வரப்போகும் கடைசிக் காலத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் கொத்தனாரைப் போகச் சொல்லிவிட்டார்.

“கர்த்தர் வாசல்கிட்ட வந்துட்டாரு. இனிமே சுவர் எதுக்கு?”

இருந்த செங்கல்லை எல்லாம் மாடி நடுவில் அடுக்கி, அதன்மேல் குழாய் ஸ்பீக்கரை ஏற்றினார். தினமும் சாயங்காலம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வண்டி, கடைசி வண்டி! மேல ஏறி வாங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க!” என்று கூப்பிட்டார்.

நாற்பது நாள் கூப்பிட்டார். வந்தது ஒரு காக்கா. அதுவும் வசனம் கேட்க வரவில்லை.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள்தான் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தாள். அவர் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. தூரத்தில் அவள் ஓடி வருவது தெரிந்தால், டிரைவரை நிறுத்தச் சொல்லி ஏற்றிக்கொள்வார். இப்போது இரண்டு வயசு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அண்ணாந்து பார்க்கிறாள், சிரிக்கிறாள், உள்ளே போய்விடுகிறாள். ‘அவ ஏறாம நான் எப்படி விசில் ஊதுவேன் ஆண்டவரே’ என்று ஜெபத்தில் அழுதார்.

கடைசியில் எசேக்கியா உபதேசியாரைத் தேடிப் போனார். உபதேசியார் அவரைவிடப் பத்து வயசு இளையவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளெல்லாம் கொத்து வேலை. ஆனாலும் ஞானாபரணம் வேதம் படித்தது அவரிடம்தான்.

“ஐயா, ஏன் ஒருத்தரும் ஏறி வரல?”

“வாங்க அண்ணாச்சி, ஏறிப் பார்ப்போம்.”

மாடிக்கு வந்த உபதேசியார் ஓரம்வரை நடந்தார். கீழே எட்டிப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் வந்தார். பிறகு ஸ்பீக்கரைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தார்.

“கொத்துக் கரண்டி இருக்கா?”

“ஐயா, இது கடைசிக் காலம்!”

“அதான் சீக்கிரம் கேக்கேன்.”

“நான் ஆத்துமாவப் பத்திக் கேக்கேன், நீங்க சுவரப் பாக்குதீய!”

“புது வீடு கட்டினா மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கணும், யாரும் விழுந்து அந்தப் பழி உங்க வீட்டு மேல வந்திரக் கூடாதுன்னு மோசே காலத்துலயே கட்டளை இருக்கு. நீங்க படிச்சதுதான்.”

“படிச்சேன். அது அந்தக் காலத்து வீட்டுக்குன்னு நினைச்சேன்.”

“இந்தக் காலத்து வீட்டுல இருந்து விழுந்தா வலிக்காதா?”

ஞானாபரணம் கரண்டி எடுக்கப் போனார்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. உபதேசியார் கொத்தனார், ஞானாபரணம் சித்தாள். மைக் பிடித்த கையில் கலவைச் சட்டி ஏறியது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. இரண்டாம் நாள் கேட்டேவிட்டார்.

“ஐயா, இந்த நிமிஷமே கர்த்தர் வந்துட்டா? இப்படிக் கரண்டியும் சட்டியுமாவா நிப்போம்?”

“கலவை இறுகுது. கொஞ்சம் தண்ணி ஊத்துங்க அண்ணாச்சி.”

கீழேயிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது.

“கண்டக்டர் மாமா! மைக்கு ரிப்பேரா? ரெண்டு நாளா எம்பிள்ள நல்லாத் தூங்குது!”

“ரிப்பேர் எல்லாம் இல்லம்மா. சுவர் கட்டுதோம்.”

“உங்க சாமி நாளைக்கே வாராருன்னு சொன்னியளே. இப்பப் போயி சுவரு கட்டுதீய?”

ஞானாபரணம் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“யாரும் விழுந்திரக் கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கும்மா.”

“யாரும்னா? உங்க ஆளுங்களா?”

“யாரும்னா யாரும்தான்.”

பேச்சியம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றினாள்.

“உங்க குரல் கேக்கும்போதெல்லாம் ஏறி வரணும்னுதான் இருந்துச்சு மாமா. ஆனா இவ ஒரு இடத்துல நிக்க மாட்டா. நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணச் சொல்லுவீய. அந்த மொட்ட மாடியில நான் கண்ண மூடுனா, இவ எங்க போவா?”

ஞானாபரணத்தின் கையில் இருந்த சட்டி அப்படியே நின்றது. அதை இறக்கி வைத்துவிட்டு, கட்டிய சுவரின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

“ஐயா, இன்னும் ரெண்டு வரிசை ஏத்துவோம்” என்றார். “பிள்ளைங்க செங்கல்லப் பிடிச்சு ஏறிரும். நல்லாப் பூசி வழவழன்னு விடுங்க.”

“அதுதான் வேலை” என்றார் உபதேசியார்.

பூச்சு முடிந்து, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார் ஞானாபரணம். சுவர் காய்ந்த சாயங்காலம் அவர் யாரையும் கூப்பிடவில்லை. பேச்சியம்மாள் தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறி வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பிள்ளையோடு. பேச்சியம்மாளின் மகள் இறங்கி ஓடினாள். சுவரைத் தட்டினாள், சுற்றி வந்தாள், மறுபடி தட்டினாள். பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்திகூட ஓரத்தைப் பார்க்கவில்லை.

“சொல்லுங்க மாமா, என்னமோ கடைசி வண்டின்னு கூப்பிட்டியளே. எங்க போற வண்டி?” என்றாள் பேச்சியம்மாள்.

ஞானாபரணம் வாயெல்லாம் பல்லாக மைக்கை எடுக்க ஓடினார். உபதேசியார் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இம்புட்டுக் கிட்ட இருக்காங்க, அது எதுக்கு?”

ஞானாபரணம் சிரித்துவிட்டார். அப்படியே அவர் காதருகே குனிந்து கேட்டார்.

“ஐயா, அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. நாம பாதிச் சுவர்ல நிக்கும்போது கர்த்தர் வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீய?”

உபதேசியார் நகத்தில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

“அடுத்த செங்கல்ல எடுத்துக் குடுங்க ஆண்டவரேன்னு சொல்லியிருப்பேன். அவரே தச்சர் வீட்டுப் பிள்ளைதான அண்ணாச்சி, வேலைக்கு முகம் சுளிக்க மாட்டாரு.”