மணவறையில் தூங்கிய வாஷிங் மெஷின்

தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை இடுப்பில் வேட்டி இல்லை. வேட்டி வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது. மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் செய்த வேலை. மூத்தவர் சோணைமுத்து. அடுத்தவர் பூலோகம். கடைசி ஒச்சு. மூவருக்கும் மூளை பொது. அன்றைக்கு அது யாரிடம் இருந்ததென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை மலைராசன் காலையில் முகூர்த்த வேட்டி கட்டி நின்றான். பெண் வீட்டில் எடுத்துக் கொடுத்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்ட வேண்டும். அவர்கள் வழக்கம் அப்படி. சோணைமுத்து ஆசீர்வாதம் செய்யக் கையைத் தூக்கினார். கையில் காபி இருந்தது.

சீர்வரிசையில் ஒரு குட்டி வாஷிங் மெஷின் வந்திருந்தது. பானை அளவுதான். இடுக்கிக்கொண்டு போகலாம். கொண்டுவந்த கடைக்காரர், சமமான இடத்தில் வை, பாதிக்கு மேல் போடாதே, ஒருமுறை ஓடியதும் கொஞ்சம் ஓய்வு கொடு என்று சொல்லிப் போயிருந்தார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அவர்களுக்கும் புரிந்துவிட்டது. அதுதான் வம்பு.

ஒச்சு மண்டபம் முழுக்கப் படுத்துப் படுத்துப் பார்த்தார்.

"இங்க தலை மேடுண்ணே. அங்க கால் மேடு."

"மணவறையில படுத்துப் பாருடா" என்றார் சோணைமுத்து.

ஐயருக்குப் பக்கத்தில் படுத்தார். "மட்டம்னா இதாண்ணே மட்டம்!"

மாப்பிள்ளை பலகையில் மெஷின் உட்கார்ந்தது. வந்தவர்களில் ஒருத்தர் அதற்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

"பாதிதான் போடணுமாம். இருக்கிறது ஒரே வேட்டி" என்று பூலோகம் கவலைப்பட்டார்.

"வேட்டியில பாதியைப் போடு" என்றார் சோணைமுத்து. "மீதி மாப்ளை இடுப்புலயே இருக்கட்டும். மானத்துக்கும் ஆச்சு."

"மாமா, இது சரியா வருமா?" என்றான் மலைராசன்.

"பேசாம நில்லு மாப்ளே. கலியாணம் உனக்கா, எங்களுக்கா?"

சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் சுற்றியது. மாப்பிள்ளையும் சுற்றினான். வேட்டி முழுசாக உள்ளே போனது. பட்டாபட்டி டவுசரோடு நின்றான்.

ஓட்டம் நின்றது. இனி ஓய்வு.

"நின்னுக்கிட்டு யாராச்சும் ஓய்வெடுப்பாகளா?" என்றார் பூலோகம். பாய் விரித்து, தலையணை வைத்து, மெஷினைச் சாய்த்தார்கள். தண்ணீர் ஐயர் மடிக்குப் போனது. ஒச்சு விசிறினார். பூலோகம் ஓடிப்போய் மேளத்தை நிறுத்தினார். மந்திரத்தை மெதுவாகச் சொல்லும்படி ஐயருக்கு உத்தரவு.

பெண்ணின் தகப்பனார் வந்தார். "முகூர்த்தம் முடியப்போகுதுய்யா! வேட்டியை எடுக்கிறீகளா, இல்ல நான் என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகவா?"

"கத்தாதீக சம்பந்தி" என்றார் சோணைமுத்து. "அசந்து தூங்குது."

"எப்ப எந்திரிக்கும்?"

"கடைக்காரரு கொஞ்ச நேரம்னாரு. அதெல்லாம் அவுக அவுக அலுப்பைப் பொறுத்தது."

"ஏய், பொண்ணைக் கிளப்புடி!" என்று அவர் மனைவியைப் பார்த்துக் கத்தினார். மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெண் கிளம்பித்தான் வந்தாள். நேரே மெஷினிடம் வந்தாள். மூடியைத் திறந்தாள். வேட்டியை உருவிப் பிழிந்தாள்.

"கட்டுங்க."

கறை போயிருந்தது. ஈர வேட்டியோடு தாலி ஏறியது.

"இப்படியே உக்காந்தா சளி பிடிக்கும். வேட்டி காயிற வரைக்கும் மணவறையைச் சுத்துவோம்" என்று மாப்பிள்ளை கையைப் பிடித்து நடந்தாள். காதில் விழுந்ததும் மாமன்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளை வேட்டி காய்ந்தது. ஜோடி சாப்பிடப் போனது. மாமன்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"நம்ம வேட்டி எப்பண்ணே காயும்?" என்று கேட்டார் ஒச்சு.

"நம்மளுது நனையவே இல்லையேடா."

"அப்புறம் எப்படிண்ணே காயும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நிக்காம நட."

பந்தி முடிந்தது. பாத்திரம் கழுவினார்கள். மணவறையைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். வெறும் தரையைச் சுற்றினார்கள் மூவரும். ஒச்சு அழ ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, மூவர் தலையிலும் ஊற்றி, "இப்பக் காயும், சுத்துங்க மாமா" என்று வழி பண்ணிவிட்டவள், மணப்பெண் சுந்தரவள்ளி.