சடையன் சுற்றிப் போன வழி

அநியாயம் நடந்தது சடையன் என்ற கரடிக்கு. இரண்டு வருஷமாக அவன் புளித்த இலுப்பைப் பூவை வாயில் வைக்கவில்லை. ஆனாலும் காடு அவனைக் 'குடிகாரன்' என்றே கூப்பிட்டது.

முன்பு குடித்தது உண்மைதான். அதை அவனே மறைக்கவில்லை. இலுப்பை மரத்தடிப் பள்ளத்தில் பூ விழுந்து, ஊறி, புளித்துக் கிடக்கும். அதைத் தின்றுவிட்டு அங்கேயே விழுந்து கிடப்பான்.

அந்தக் காட்டில் முதல் மழை விட்டதும் ஈசல் விருந்து. கரையான் புற்றைப் பக்குவமாகக் கீறித் திறப்பது கரடியின் பொறுப்பு. ஒரு வருஷம் சடையன் போதையில் புற்றின் மேலேயே உருண்டு, அதை நொறுக்கிவிட்டான். அன்று எல்லாரும் பட்டினி. பொறுப்பு நரிக்குப் போனது.

மறுநாள் சடையன் ஊசி என்ற முள்ளம்பன்றியிடம் போனான். "அக்கா, அந்த மரத்தைத் தாண்டி ஆத்துக்குப் போக என்னால முடியல."

"தாண்டாதே. சுத்திப் போ. நானும் வர்றேன்."

அன்றிலிருந்து இருவரும் யாரும் போகாத பாறைச் சரிவு வழியாகத்தான் ஆற்றுக்குப் போனார்கள். வழியெல்லாம் பேச்சு, சண்டை, சிரிப்பு.

இந்த வருஷம் முதல் மழை விட்டது. "புற்றை நான் திறக்கட்டுமா?" என்று சடையன் கேட்டான்.

"தாராளமா," என்றது நரி. "ஆனா ஒரு பரீட்சை. பொழுது சாயற வரைக்கும் இலுப்பை மரத்தடியில உட்காரு. பூவைத் தொடாம எழுந்து வந்தா நம்புறோம்."

மயிலும் கீரியும் உடும்பும் தலையாட்டின. வெட்கம் வேண்டாமா இவர்களுக்கு?

"நான் அங்கே வரமாட்டேன்," என்றான் சடையன்.

"பாத்தீங்களா, பயம்!"

"ஆமா, பயம்தான். அந்தப் பயத்தை வெச்சுத்தான் ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கேன்."

ஊசிக்கு முள் சிலிர்த்தது. "ஏம்ப்பா நரி, போன வருஷம் பொறியில காலை விட்டியே. குணமாயிருச்சான்னு பாக்க, திரும்ப அதுலயே விடச் சொன்னா விடுவியா?"

நரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. அது நேரே போய், விருந்துக்கு வைத்திருந்த புற்றை உச்சியிலிருந்து தோண்டியது. மழையில் ஊறியிருந்த மண் ஓட்டைக்குள் இறங்கியது. புற்று சேறாகிச் சரிந்தது. நாலே நாலு ஈசல் வந்தன. இரண்டை மயில் கொத்தியது. இரண்டு பறந்துவிட்டன.

கீரி தயங்கித் தயங்கிச் சடையனிடம் வந்தது. "மாமா, வேற புற்று எங்கேயாவது இருக்கா?"

"பாறைச் சரிவுல ஏழு இருக்கு. தினமும் பாத்துட்டுத்தானே போறேன்."

காடே அவன் பின்னால் நடந்தது. சடையன் மோந்து பார்த்து, புற்றின் அடிப்பக்கம் நக அகலத்துக்கு ஒரு கீறல் போட்டான். ஈசல் பொலபொலவென்று கொட்டியது. ஊசி ஈசல் தின்பதில்லை. கிழங்கைக் கடித்தபடி எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாள். தின்று முடித்த உடும்பு, வயிறு தரையில் இழுபட, மறுபடி வரிசைக்கு வந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நரி மென்றுகொண்டே கேட்டது: "எல்லாம் சரி. அந்தப் பரீட்சை இன்னும் பாக்கி இருக்கே, சடையா?"

சடையன் நகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இல்ல நரியாரே, நான் சுத்திப் போன வழியிலதான் நீங்க எல்லாரும் வயிறு நிறைஞ்சு நிக்கிறீங்க, குடியை விட்டவனை நம்பணும்னா, அவன் குடிச்ச இடத்துக்கு இழுக்காதீங்க, அவன் நடக்கிற வழியில கூட நடந்து பாருங்க."