ஸ்டெல்லாவுக்கு மீன்கள் செய்த சீர்

மீன்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரை மாதா கோயிலில் இருந்தவர்கள் இவர்கள்: மீன்பிடிக்கிற கயத்தான், அவன் மனைவி சவேரியம்மா, அவர்களுடைய பெண் குழந்தை, கப்பலில் வந்து தமிழை ஏட்டுச்சுவடியில் படித்த வெளிநாட்டுச் சாமியார். ஆக, மனிதர் நால்வர். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் விருந்துச் சமையலுக்காக வாசலில் வைத்திருந்த கடல்நீர் அண்டாவில் சீலா ஒன்று, பாறை நான்கு, சாளை ஆறு, கெளுத்தி ஒன்று. ஆக, மீன் பன்னிரண்டு.

விருந்து நாளாக இருந்தும் சவேரியம்மா முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அழவில்லை. பசித்தால் வாயைத் திறந்து மூடும். சத்தம் வராது.

சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். "இவள் பெயர் ஸ்டெல்லா. லத்தீன் சொல். எங்கள் கடலோடிகள் மாதாவையே கடலின் ஸ்டெல்லா என்றுதான் அழைப்பார்கள்."

"அப்படின்னா என்ன சாமி?" என்று கேட்டான் கயத்தான்.

சாமியார் யோசித்தார். வானத்தில் மின்னும் நட்சத்திரத்தைச் சுவடியில் மீன் என்று எழுதியிருந்தது.

"ஸ்டெல்லா என்றால் மீன்," என்றார்.

அண்டாவில் தண்ணீர் தெறித்தது. சீலா தலையைத் தூக்கியது.

"ஏ கயத்தான்! எம் பேரையா பிள்ளைக்கு வச்சிருக்கே? அப்ப நான் உனக்குச் சொந்தக்காரி. பேரு குடுத்தவளையே குழம்பு வைப்பியா?"

"நாங்களும் மீன்தான்!" என்று பாறையும் சாளையும் கத்தின.

சாமியார் பதறினார். "நான் சொன்னது வானத்து மீனை!"

"வானத்து மீனு வலையில விழுமா சாமி? இந்தக் கரையில மீன்னா நாங்கதான்," என்றது சீலா.

கயத்தான் சாமியாரைப் பார்த்தான். சவேரியம்மா அண்டாவைப் பார்த்தாள்.

"சரி மதினி. பேரு குடுத்தவங்க பிள்ளைக்குச் சீர் செய்யணும். அதுதான் எங்க வழக்கம். என்ன கொண்டாந்திருக்கீங்க?"

மீன்களிடம் பொன் இல்லை, பட்டு இல்லை. சீலா குழந்தையின் வாயையே சற்று நேரம் பார்த்தது.

"எங்ககிட்ட இருக்கிறது குரல் ஒண்ணுதான். பிள்ளையைக் குனிஞ்சு காட்டு."

சீலா குழந்தையின் உதட்டில் வாய் வைத்து ஊதியது. பிள்ளை சிணுங்கியது. பாறைகள் ஊதின. பிள்ளை வீறிட்டது. சாளைகளும் ஊதியபோது சாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அழு என் ராசாத்தி, இன்னும் அழு," என்றாள் சவேரியம்மா.

கெளுத்தி மட்டும் அடியில் கிடந்து முறுமுறுத்தது. "கர்ர்... பேரு வச்சது சாமியாரு. சீர் செய்யறது நானா? பேசாம நான் எப்படிப் பிழைக்கிறது?"

"உன் இஷ்டம் மச்சான்," என்று சொல்லிவிட்டு, சீர் செய்த பதினொன்றையும் கயத்தான் கடலில் விட்டான்.

மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடியும் பேச்சு வராமல் போனது அன்று முதல்தான். கெளுத்தி மட்டும் பிடிபட்டால் இன்றும் கர் கர் என்று முறுமுறுக்கும். எங்கள் பக்கத்தில் ஸ்டெல்லா என்று பெயருள்ளவள் கரையில் நின்று கூப்பிட்டால், அலைக்கு அப்பால் போன படகும் திரும்பிப் பார்க்கும்.

அன்றைய விருந்துக்கு அண்டாவில் மிச்சம், கெளுத்தி ஒன்று.